பெயிண்ட் அப்புறம், முதலில் பிரேக்

ஆசிரியருக்கு வணக்கம். பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்ததைப் படித்தேன். பெயிண்ட், குரோமியம், சீட் எல்லாம் இருந்தது, பிரேக் என்ற வார்த்தையே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா ஏலக்காய் வியாபாரத்துக்கு வாங்கிய 1968 அம்பாசிடர் மார்க் 2, 11 வருடம் ஷெட்டில் கிடந்தது. போன வருடம் ஒரு பட்டறையில் இன்ஜினைக் கிளப்பிக் கொடுத்தார்கள். ரெண்டு வாரம் கழித்து மச்சானையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளப் பக்கம் பூப்பாறை போனேன். ஏறும்போதே யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது, கிழட்டு இன்ஜின்தானே என்று விட்டுவிட்டேன். இறங்கும்போது 17 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியிருப்பேன், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டது! செகண்ட் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, மலைப் பக்கம் உரசி நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது, இதை நம்பித்தான் பலரும் ஏமாறுவது.

வீட்டில் கழற்றிப் பார்த்தால், பிரேக் ஆயில் குறைந்திருந்ததைப் பார்த்து, பட்டறையில் அதற்குப் பதில் இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் கப் எல்லாம் இட்லி மாதிரி ஊதி, பிரேக் ஷூ (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துகிற கட்டை) திரும்பாமல் டிரம்மைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே வந்திருக்கிறது. மீதியிருந்த பழைய பிரேக் ஆயிலோ வருடக்கணக்கில் ஈரம் குடித்தது. டாட் 3 என்ற ரக பிரேக் ஆயில் புதிதில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் 140 தாங்கினாலே பெரிது. அந்தத் தேய்ப்புச் சூட்டில் அது கொதித்து ஆவியானால் நாம் மிதிப்பது வெறும் குமிழியைத்தான். இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் லைன் வேறு, போனால் மொத்தமாகப் போகும்.

லைனை முழுக்கக் கழுவி, துருப்பிடித்த வீல் சிலிண்டர்களுக்கு (சக்கரத்தில் ஷூவைத் தள்ளுகிறவை) உள்ளே பித்தளை ஸ்லீவ் போட்டு, கப், ஹோஸ் எல்லாம் மாற்றி, டிரம்மை லேத்தில் கடைந்து, ஷூ மேல் தேய்கிற பட்டையான லைனிங்கையும் புதிதாக ரிவெட் அடித்தாயிற்று. (பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஏர் அடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.) லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது (ஏர் எடுப்பது என்பார்கள்) பெடலுக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்தோம்.

பெயிண்டுக்கு இன்னும் காசு சேரவில்லை. மச்சானை மலையடிவாரத்து முந்தல் வரைக்குமாவது கூட்டிப் போகலாம் என்று பார்க்கிறேன், பஸ்ஸில் வருகிறேன் என்கிறார்.

– போடியிலிருந்து ஒரு வாசகர்