மல்பெரிச் சக்கையை வீச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோபி, உடுமலைப் பக்கம் மல்பெரி என்றால் பட்டுப்புழுவுக்கான தழைதான். வரப்போரம் அறுக்காமல் விட்ட செடிகளில் கறுத்துத் தொங்கும் பழம் உதிர்ந்து வீணாகிறது. அதிலுள்ள பாலிசாக்கரைடு என்னும் கூட்டுச்சர்க்கரை, பெருங்குடலின் நல்ல நுண்ணுயிர்களுக்குத் தீனி. ஆய்வகத்தில் அதைப் பிரித்தெடுக்கப் பழக்கூழை 80-90 டிகிரி வெந்நீரில் இரண்டு மணி நேரம் வைத்து, வடித்துச் சுண்டவைத்து, ஆறியபின் நான்கு மடங்கு எத்தனால் என்னும் ஆல்கஹால் சேர்ப்பார்கள், கூட்டுச்சர்க்கரை பஞ்சுபோல் படியும். எத்தனால் குறைந்தால் சிறிய மூலக்கூறுகள் கரைசலிலேயே நின்றுவிடும்.

வீட்டில் இவ்வளவு வேண்டாம். துணியில் பிழிந்தால் நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும், முழுப்பழமாகவே தின்னலாம். மல்பெரி ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பதை நம்பிச் சர்க்கரை நோயாளிகள் மாத்திரையை நிறுத்தவே கூடாது; அதற்கான சான்றுகள் பெரும்பாலும் ஆய்வக, விலங்குச் சோதனை அளவில்தான். தழைக்கு மருந்தடித்த செடியின் பழத்தைத் தொடாதீர்கள். பழத்துக்கென்று நாலு செடியைத் தனியே விடச் சொல்லி பட்டு வளர்ச்சித் துறை விவசாயிகளுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும்.

- வாசகர், கோபிசெட்டிபாளையம்