செர்பிய இசையைப் போரின் எதிரொலியாக மட்டும் கேட்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கிழக்கு ஐரோப்பிய நவீன இசை பற்றிய கட்டுரையை இருமுறை படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டதற்குக் கட்டுரையாளருக்கும், அதற்குத் தாராளமாக இடம் கொடுத்த தங்களுக்கும் என் நன்றி. ஆனால் செர்பியாவைப் பற்றிய பகுதி, அந்நாட்டின் இன்றைய செவ்வியல் இசை முழுவதையும் 1990களின் யுகோஸ்லாவியப் போர்களுடைய எதிரொலியாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டது. அந்த இசையைச் சில ஆண்டுகளாக விடாமல் கேட்டுவருகிற வாசகன் என்ற முறையில் இதை மறுக்காமல் இருக்க முடியவில்லை.

நான் அந்த இசைக்குள் நுழைந்ததே ஒரு தற்செயல். சாரங்கி மேதை ராம் நாராயணின் மிஸ்ர பைரவி ஆலாபனையை அமெரிக்காவின் க்ரோனோஸ் குவார்டெட் என்ற நால்வர் தந்திக் குழு வாசித்திருக்கிறது என்று அறிந்து, 2009இல் வெளியான அவர்களது 'ஃப்ளட்ப்ளெய்ன்' இசைத்தட்டைத் தேடி வாங்கினேன். அதன் கடைசிப் பதிவு, செர்பியாவின் நோவி சாத் நகரில் 1970இல் பிறந்து நியூயார்க்கில் வாழும் அலெக்சாந்த்ரா வ்ரெபலோவ் 2007இல் எழுதிய படைப்பு. 'அயலானே, இந்தப் புயலில் என்னைப் பற்றிக்கொள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நான்கு தந்திக் கலைஞர்களும் தங்கள் வாத்தியங்களோடு குஸ்லேயையும் தப்பானையும் இதில் எடுத்துக்கொள்கிறார்கள். குஸ்லே என்பது குடைந்த மரத்தின் மேல் தோல் போர்த்தி, குதிரைமயிரால் ஆன ஒற்றைத் தந்தி கட்டிய வாத்தியம். பால்கன் நாடுகளில் வீரகதைப் பாடகர்கள் மடியில் நிறுத்தி வாசிப்பது. தப்பான் ஒரு பெரிய இருமுக முரசு. ஒரு முகத்தைத் தடித்த கோலாலும் மறுமுகத்தை மெல்லிய குச்சியாலும் அடிப்பார்கள். மாதா கோயில் மணியோசையும் பள்ளிவாசலின் தொழுகை அழைப்பும் பதிவுகளாக இடையிடையே வந்து கலக்கின்றன.

இதில் போர் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1999 நேட்டோ குண்டுவீச்சில் நோவி சாத்தின் டான்யூப் பாலங்கள் மூன்றும் தகர்ந்தன. அந்த ஊரில் பிறந்தவர் அதை மறந்து எழுதுவார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் முதலில் பிடிபடுவது கட்டுமானம்தான். ஒற்றைத் தந்தியின் கரகரப்பிலிருந்து வயலின் தன் ஒலியை எப்படிக் கற்றுக்கொள்கிறது, ஆட்டத் தாளம் முறுக்கேறி முறுக்கேறி எந்த இடத்தில் உடைகிறது என்பவையே நெஞ்சில் தங்குகின்றன. இதே குவார்டெட்டும் சான் ஃபிரான்சிஸ்கோ சிறுமியர் பாடற்குழுவும் பாடி வாசித்த 'மிஸ்ஸா சுப்ராடெக்ஸ்ட்' என்ற வ்ரெபலோவின் படைப்புக்கு, இசையமைப்புக்கான 2024ஆம் ஆண்டின் க்ரேவமையர் விருது கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளர்களான லுட்டோஸ்வாவ்ஸ்கியும் லிகெட்டியும் பெற்ற விருது அது. வழக்கமான வழிபாட்டுச் சொற்களை விட்டு, சொல்லுக்கு அப்பாற்பட்ட குரலொலிகளால் எழுப்பப்பட்ட அந்தத் திருப்பலி இசையில் போர்க்களத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மார்கோ நிகோடியெவிச்சையும் மிலிட்சா ஜோர்ஜெவிச்சையும் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டார். நவீன இசைக்கு ஐரோப்பாவில் பெருமதிப்புள்ள எர்ன்ஸ்ட் ஃபான் சீமென்ஸ் அறக்கட்டளையின் இளம் இசையமைப்பாளர் பரிசு முன்னவருக்கு 2013இலும் பின்னவருக்கு 2016இலும் வழங்கப்பட்டது. நிகோடியெவிச் 2014 மியூனிக் பியனாலே என்ற புதிய இசைநாடக விழாவுக்கு எழுதிய ஓப்பரா, 1983இல் பாரிஸில் கொலையுண்ட கனடிய இசையமைப்பாளர் க்ளோட் விவியேயைப் பற்றியது. செர்பியாவின் சுபோட்டிட்சாவில் பிறந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வாழும் ஒருவர் மோன்ட்ரியால்காரரின் சாவைப் பற்றி எழுதும்போது அதைப் பால்கன் புண் என்று எப்படிப் படிப்பது?

இந்த வாதத்துக்கு என்னிடம் உள்ள மிக வலுவான சான்று ஆனா சோகோலோவிச்சின் 'ஸ்வாத்பா', அதாவது 'திருமணம்'. பெல்கிரேடில் 1968இல் பிறந்து, 1990களின் தொடக்கத்தில் மோன்ட்ரியாலுக்குப் போன அவர் எழுதிய இந்த ஓப்பரா 2011இல் டொரண்டோவில் அரங்கேறியது. மேடையில் ஆறு பெண்கள். ஆர்கெஸ்ட்ரா கிடையாது. சுமார் ஒரு மணி நேரம் அந்த ஆறு குரல்களே எல்லாவற்றையும் சுமக்கின்றன. மறுநாள் மணமாகப்போகும் மிலிட்சா என்ற பெண்ணோடு தோழியர் ஐவர் கழிக்கும் இரவுதான் கதை. கூந்தலுக்குச் சாயம் ஏற்றுவதும், நீராடுவதும், சின்னச் சண்டையும், அலங்காரமும், விடியலில் பிரிவும். நாட்டார் பாடல் வரிகளை அவர் அப்படியே இசைக்கு ஏற்றிவிடவில்லை. சொற்களை அசையசையாகப் பிய்த்து, ஒருத்தி விட்ட அசையை இன்னொருத்தி பிடித்துக்கொள்ளும்படி பின்னியிருக்கிறார். முதல் முறை கேட்டபோது இரண்டு இடங்களில் யாரோ ஒரு தோற்கருவியை வாசிக்கிறார்கள் என்றே நினைத்தேன். திரும்ப ஓட்டிப் பார்த்தபின்தான் அது தொண்டையும் நாக்கும் மூச்சும் செய்த வேலை என்று தெரிந்தது. கடைசியில் தோழியரின் குரல்கள் விலகி மணமகளின் குரல் தனித்து நிற்கும்போது, ஒரு பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதன் கனம் மொழி தெரியாத எனக்கும் விளங்கியது. 2015இல் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் விழாவிலும் இது நடந்தது. செர்பிய மொழி தாய்மொழியாக இல்லாத பாடகியரும் இதைச் செர்பியத்திலேயே கற்றுப் பாடுகிறார்கள். ஒரு சிறிய மொழிக்கு இதைவிட மேலான வரவேற்பு என்ன இருக்கிறது? அதில் போரின் சாயை எங்கும் இல்லை.

அப்படியானால் போர் இந்த இசையைத் தொடவே இல்லையா என்று கேட்கலாம். ஆழமாகவே தொட்டது, ஆனால் கட்டுரையாளர் தேடிய இடத்தில் அல்ல. 1992 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 757ஆம் தீர்மானம், செர்பியா உள்ளிட்ட அன்றைய யுகோஸ்லாவியாவுடனான வணிகத்தோடு விமானப் போக்குவரத்தையும், விளையாட்டையும், அரசு சார்ந்த பண்பாட்டுப் பரிமாற்றத்தையும் நிறுத்தியது. பண்பாட்டுத் தடை 1994 இலையுதிர்காலத்தில்தான் தளர்ந்தது. ஓர் இசையமைப்பாளருக்கு இதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு விழாவிலிருந்து அழைப்பு வராது. வெளிநாட்டுக் கலைஞர் வரமாட்டார். எழுதிய ஸ்வரத்தாள் மேசையிலேயே கிடக்கும். அந்த ஆண்டுகளிலும் அதன் பின்னரும் வெளியேறியவர்கள் ஜெர்மனியிலும் வட அமெரிக்காவிலும் பயின்று, அங்குள்ள குழுக்களுக்கு எழுதி, அங்கிருந்தே உலகத்தின் காதுக்குப் போனார்கள். மேலே நான் சொன்ன நால்வருமே நாட்டுக்கு வெளியே வாழ்பவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். போரின் தழும்பு யாருடைய இசை கேட்கப்பட்டது, யாருடையது கேட்கப்படவில்லை என்பதில் இருக்கிறது. ஸ்வரங்களுக்குள் தேடினால் அது அகப்படாது.

கதவுகள் அடைபட்டிருந்த அதே 1992இல் செர்பிய இசையமைப்பாளர் சங்கம் சர்வதேச இசையமைப்பாளர் மன்றம் என்ற ஆண்டு விழாவைத் தொடங்கியது. 1993இல் 'நோவி ஸ்வுக்', அதாவது 'புதிய ஒலி', என்ற இசையியல் இதழ் வெளிவரத் தொடங்கியது. பணமும் காகிதமும் தட்டுப்பட்ட காலத்தில் உலகத்தோடு பேசுவதை நிறுத்தமாட்டோம் என்று அவர்கள் எடுத்த முடிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கரைகிறது. இந்த ஊக்கம் அவர்களுக்குப் புதிதும் அன்று. செர்பிய இசையமைப்பாளர் லியூபிட்சா மாரிச் பிராகில் செக் இசையமைப்பாளர் யோசெஃப் சூக்கிடம் பயின்று, 1933 ஆம்ஸ்டர்டம் சர்வதேச நவீன இசை விழாவில் தன் காற்றிசை ஐவர் படைப்பை ஒலிக்கச் செய்தபோது அவருக்கு வயது 24.

வெளியேறாமல் இருந்தவர்களில் இசிடோரா ஜெபெல்யானின் பெயரைக் கட்டுரை விட்டுவிட்டது. இது எனக்குப் பெரும் வருத்தம். 1967இல் பெல்கிரேடில் பிறந்த அவர் அங்குள்ள இசைக் கல்லூரியில் கற்பித்தபடியே எழுதினார். இத்தாலியின் ரிக்கோர்டி பதிப்பகம் அவரது படைப்புகளை வெளியிட்டது. லண்டனின் ஜெனிசிஸ் அறக்கட்டளை எழுதச் சொன்ன 'ஜோரா டி.' என்ற ஓப்பரா 2003இல் ஆம்ஸ்டர்டமில் அரங்கேறி, அதே ஆண்டில் வியன்னாவின் காமர்ஓப்பர் அரங்கினுடைய 50ஆம் ஆண்டுப் பருவத்தைத் தொடங்கிவைத்தது. துஷான் கொவாச்செவிச்சின் நாடகத்தைக்கொண்டு எழுதிய ஓப்பரா 2008இல் ப்ரெகென்ஸ் விழாவிலும், அடுத்தது 2009இல் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனிலும், இன்னொன்று 2012இல் சியேனாவிலும் முதன்முறை மேடையேறின. சொந்த ஊரை விட்டு நகராத ஒருவரின் நான்கு ஓப்பராக்கள் நான்கு அயல் ஊர்களில் பிறந்தன. அவரது இசையில் ஊர்ச்சாயல் உண்டு, தடுமாறும் ஆட்டத் தாளம் உண்டு, சாவைப் பார்த்துச் சிரிக்கும் துணிச்சலும் உண்டு. 2020 செப்டம்பரில், 53 வயதில், அவர் காலமானார்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். கட்டுரையின் தொடர்ச்சி வருமென்றால் ஜெபெல்யானுக்கு ஒரு தனிப் பகுதி ஒதுக்குங்கள். அடுத்து, பெல்கிரேட் வானொலியின் மூன்றாம் அலைவரிசையில் 1972இல் அமைந்த மின்னணு இசைக் கூடத்தைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். அங்குள்ள, லண்டனின் இ.எம்.எஸ். நிறுவனம் செய்த சிந்தி 100 என்ற அலமாரி அளவிலான மின்னணு ஒலிக்கருவி, நீண்ட காலம் முடங்கிக் கிடந்து, அண்மை ஆண்டுகளில் பழுது நீக்கப்பட்டுத் திரும்பவும் ஒலிக்கிறது. அதை இயக்கிப் பார்ப்பதற்காக இப்போது வெளிநாட்டு இசைக்கலைஞர்கள் பெல்கிரேடுக்குப் பயணம் போகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மதுரை