‘லீ’க்கள் எல்லாரும் ஒரே வம்சமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘லீ’ என்ற குடும்பப் பெயர் கொண்ட அனைவரும் சீனரே என்னும் எண்ணம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பரவலாக இருப்பதால் இதை எழுதுகிறேன். இங்குள்ள கடைத்தெருப் பெயர்ப்பலகைகளில் நாம் காணும் ‘லீ’, பெரும்பாலும் பிளம் மரத்தைக் குறிக்கும் சீன எழுத்துக்கு உரியது; கி.பி. 618 முதல் 907 வரை ஆண்ட தாங் மன்னர்களின் குடும்பப் பெயரும் அதுவே. அம்மன்னர்கள் தங்களுக்குத் துணைநின்ற பிற இனத் தளபதிகளுக்கும் அப்பெயரை வழங்கியதால், சீனாவுக்குள்ளேயே அது ஒரே இரத்தத்தின் அடையாளமாக இருந்ததில்லை. கொரியர்கள் அதே எழுத்தை ‘ஈ’ என்று ஒலித்தாலும் ரோமன் எழுத்தில் பெரும்பாலும் ‘லீ’ என்றே எழுதுகின்றனர்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதி ராபர்ட் லீயின் பெயருக்கோ இவற்றோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. காட்டிடையே திருத்திய வெளியைச் சுட்டும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது அது. (காடழித்துத் தோட்டம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.)

குடும்பப் பெயரின்றி, அடையாள அட்டையில் தந்தை பெயரோடு நிற்கும் நம்மவருக்கு இக்குழப்பம் இயல்பே. ஆயினும் பூப்பந்து (பேட்மிண்டன்) செய்திகளில் நம் லீ சோங் வெய், கொரியாவின் லீ யோங் டே போன்றோரை வெறும் ‘லீ’ என்று சுருக்காமல் முழுப்பெயரில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.