மூன்று நிமிட இருட்டு

ஈஸ்ட்ஹாம், லண்டன்
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் பெறாமகள் எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகம், பெரியம்மாவின் முழங்கால் நோவு எல்லாம் அம்மா வாராவாரம் ஒன்றும் விடாமல் சொல்லிவிடுவார், அதனால் திரும்பக் கேட்கவில்லை. போனில் நான் கத்துவதும், நீங்கள் "சாப்பிட்டியா பிள்ளை" என்று கேட்ட கையோடு போனைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிடுவதும் எத்தனை நாளைக்கு? காது கேட்காவிட்டாலும் கண் தெரிகிறதே என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத்தைப் பெரிதாகவே போடுகிறேன்.

அம்மாவிடம் நீங்கள் கேட்டனுப்பிய கேள்வி வந்து சேர்ந்தது. "அம்பது அறுபது வருசத்துக்கு முந்தின படத்தைக் காசு குடுத்துத் தியேட்டரில போய்ப் பாக்கிறாளாமே, அவளுக்கென்ன விசரா? எல்லாம் போனிலயே கிடக்குது." வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். இருபது வருஷம் தியேட்டரில் படம் ஓட்டிய மனுஷன் கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும்.

என் கிழமை எப்படிப் போகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வயோதிபர் இல்லத்தில் நாலு இரவு வேலை. காலை எட்டு மணிக்கு நான் வெளியே வரும்போது ஊர் வேலைக்குப் போகும். நான் நித்திரைக்குப் போவேன். மாரியில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுவதால் சில கிழமை வெயிலையே காணக் கிடைக்காது. வாடகை, அம்மாவுக்கு அனுப்புவது, பஸ் காசு எல்லாம் போக மிஞ்சுவதில் மாதத்துக்கு ஒரு படம். டிக்கட் ஏறக்குறைய 15 பவுண். நம்மூர்க் காசுக்கு மாற்றிப் பார்க்காதீர்கள், நானும் பார்ப்பதில்லை.

வாட்டர்லூ பாலத்துக்குக் கீழே, தேம்ஸ் கரையோரம், பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட்டின் தியேட்டர் இருக்கிறது. 1957இல் அந்த இடத்தில் திறந்தார்கள். பிரிட்டிஷ் நேவிக்காரர் நம் திருகோணமலைத் துறைமுகத்தைக் கைவிட்டுப் போனதும் அதே வருஷம்தான். ஒவ்வொரு நாளும் பழைய படங்கள் போடுவார்கள். போன மாதம் அங்கே '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' பார்த்தேன். ஸ்டான்லி குப்ரிக் எடுத்து 1968இல் வந்த படம். டிஜிட்டல் கிடையாது பெரியப்பா, உண்மையான 70 எம்எம் பிலிம். நீங்கள் ஓட்டிய 35 எம்எம்மைப் போல அகலம் இரட்டை. நீங்கள் கையால் தொட்டதில்லை, ஆனால் ஆசைப்பட்டீர்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒன்றுமே இல்லை. வெறும் இருட்டு. ஆனால் இசை மட்டும், ஆயிரம் தேனீ ஒன்றாக முனகுவது மாதிரி, கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், கிட்டத்தட்ட மூன்று நிமிடம். படத்தை அப்படித்தான் தொடங்கியிருக்கிறார் குப்ரிக். மண்டபம் நிறையச் சனம். ஒரு ஆள் செருமவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருநாள் மெஷினுக்கு ஒளி தரும் கார்பன் குச்சி அணைந்து திரை இருண்டபோது அரை நிமிடத்துக்குள் கலரியிலிருந்து "டேய் ஆப்பரேட்டர்" என்று தொடங்கி உங்கள் பரம்பரையையே இழுத்தார்கள் என்று சொல்வீர்களே. சோடா மூடி திரையில் பட்டுத் தெறித்த கதை. மூன்று நிமிடம் இருட்டும் இசையுமாக விட்டிருந்தால் கதிரை மிஞ்சியிருக்காது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் பக்கத்துச் சீட்டு அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இங்கே அதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டார்கள், அந்தப் பார்வையே போதும்.

அப்போதுதான் நானும் பின்னால் திரும்பினேன். மேலே சுவரில் சின்னக் கண்ணாடிச் சதுரம். அதற்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார். படம் தொடங்கி ஒளி பாய்ந்ததும், இத்தனை வயதுக்கு முதல்முறையாக, அந்தச் சதுரத்திலிருந்து திரை வரைக்கும் அதன் பாதையைப் பார்த்தேன். நீங்கள் அந்தப் பக்கம் நின்று பார்த்ததை நான் இந்தப் பக்கம் இருந்து பார்க்கிறேன்.

றீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னி மறையும் என்று சொல்லித் தந்தீர்களே. முதல் பொட்டுக்கு அடுத்த றீல் இருக்கும் மெஷினை ஓடவிடு, ஏழெட்டு விநாடியில் இரண்டாவது பொட்டு, அதற்கு ஒளியை மாற்று. றீல் ஒன்று 2000 அடி, இருபது இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. மூன்று மணித்தியாலப் படத்துக்கு எட்டு ஒன்பது தடவை மாற்ற வேண்டும், ஒரு தடவை பிந்தினாலும் வெள்ளைத் திரை. நான் இப்போது பொட்டைப் பிடித்துவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் கதையைப் பார்க்க, நான் மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்த காசுக்கு நட்டம்தான்.

அந்தப் படத்தில் முதல் இருபத்தைந்து நிமிடம் யாரும் வாய் திறப்பதில்லை. குரங்குகள்தான். அதைச் சொல்ல வரவில்லை, ஒரு பெயரைச் சொல்ல வந்தேன். திரைக்கதை: குப்ரிக், ஆர்தர் சி. கிளார்க். நம்மூர்க் கடலோரச் சுவாமிமலைப் பாறைக்குக் கீழே 1956இல் சுழியோடி, போர்த்துக்கீசர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் கண்டாரே, அதே கிளார்க். கூடச் சுழியோடிய மைக் வில்சன்தான் 1962இல் 'ரன்முத்து தூவ' எடுத்தவர், முதல் சிங்களக் கலர்ப்படம். கடலுக்கடியில் படம் பிடிக்க வந்தவர்களைப் பார்க்கப் பள்ளிக்கூடம் போகாமல் ஒளித்து ஓடி அப்பப்பாவிடம் அடி வாங்கியதாகச் சொல்வீர்கள். விண்வெளியில் ஆட்கள் பாரமே இல்லாமல் மெல்ல மெல்ல மிதப்பதைப் பார்த்தபோது, இதை எழுதிய மனுஷன் நம் கடலுக்குள்ளே மிதந்து பழகியவர் அல்லவா என்று பட்டது. இடைவேளையில் பக்கத்து அம்மாவிடம் சொன்னேன், "இவர் எங்கள் கோயிலடியில் சுழியோடியவர்" என்று. "ஹௌ லவ்லி" என்றார். அவ்வளவுதான். நம்மூர் உவர்மலைச் சந்தியில் சொல்லியிருந்தால் ஒரு மணித்தியாலம் கதை போயிருக்கும்.

(அந்தப் படத்துக்கு உள்ளேயே இடைவேளை இருக்கிறது. இங்கே மற்றப் படங்களுக்குக் கிடையாது. கச்சான் விற்க ஆள் வராத இடைவேளை ஒரு இடைவேளையா என்பது வேறு விஷயம்.)

'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்'யும் பார்த்தேன். கதை நடப்பது தாய்லாந்துக் காட்டில், ஆனால் பாலம் கட்டி உடைத்தது நம் கித்துல்கலையில், களனி ஆற்றில். வெளியே சிலுசிலுவென்று மழை, உள்ளே நம்மூர் வெயில். அதற்கே கொடுத்த காசு சரி.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

2024 ஏப்ரலில் 'கில்லி'யைத் திரும்ப வெளியிட்டார்கள். சரியாக இருபது வருஷம் கழித்து. இங்கேயும் போட்டார்கள். போனேன். தியேட்டரா திருவிழாவா என்று தெரியவில்லை. படம் வந்தபோது பிறந்தேயிராத பொடியன்கள் வசனத்தை நடிகருக்கு முன்னாலேயே சொல்கிறார்கள். 'அப்படிப் போடு' பாட்டுக்கு முன்வரிசை முழுக்க எழும்பி ஆடியது. வாட்டர்லூப் பாலத்தடியில் செருமக்கூடப் பயந்த நான் இங்கே விசிலடித்தேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஆடி முடித்து உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன்: இந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்? பத்துக்கு மேல். ஒரு தடவையாவது தியேட்டரில் பார்த்தேனா? இல்லை. பக்கத்து வீட்டு மாமியின் 14 அங்குல டிவியில், சிடி சிக்கிச் சிக்கி, கறண்ட் போனால் அடுத்த நாள் மிச்சம். அதற்கு முந்திய படமெல்லாம் டெக்கில், தேய்ந்த கசற்றில். சிவாஜியையும் எம்ஜிஆரையும் நான் உள்ளங்கை அளவில்தான் அறிவேன். நீங்கள் 1990இல் தியேட்டர் வேலையை விட்டு, கையில் ஒரு பையோடு பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடினீர்கள். நான் பிறந்தது அதற்குப் பிறகு. நீங்கள் பெரிய திரையில் கண்டதையெல்லாம் நான் கதையாகத்தான் கேட்டேன். உங்களுக்கு இவை பழைய படம். எனக்கு இப்போதுதான் ரிலீஸ் ஆகின்றன. போனில் கிடக்கிறதுதான், ஆனால் போனில் கிடப்பதைத்தானே நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

1964இல் வந்த 'கர்ணன்' படத்தைக் கீறல் துடைத்து, ஒலியைத் திருத்தி, 2012 மார்ச்சில் தமிழ்நாட்டில் போட்டார்கள். சென்னையில் 100 நாளுக்கு மேல் ஓடியது. நான் அப்போது திருகோணமலையில்தான் இருந்தேன், பேப்பரில் வாசித்ததோடு சரி. அது எப்போதாவது இங்கே வந்தால் வேலையைப் போட்டுவிட்டுப் போவேன். 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' பாட்டுக்குக் கலரியே மூக்கைச் சிந்தும், நீங்களும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அழுததில் பொட்டைத் தவறவிட்டீர்கள் என்று பெரியம்மா சொல்வார். உண்மையா? நீங்கள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

துடைப்பது பற்றியும் ஒன்று. '2001'க்கு 2018இல் புதுப் பிரிண்ட் போட்டபோது கணினியால் எதையும் துடைக்கவில்லை. மூல நெகட்டிவ்விலிருந்து பழைய முறையிலேயே எடுத்தார்கள். கீறல் இருந்தால் இருக்கட்டும் என்று விட்டார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கிறது. சில படங்களைத் துடைத்துத் துடைத்து முகத்தில் இருக்கும் அம்மைத்தழும்பையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள், எல்லாரும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி நிற்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் அலுமாரிக்கு மேலே இருக்கும் பிஸ்கட் டின். சின்ன வயதில் பல்புக்குள் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, அதிலிருந்த பிலிம் துண்டுகளைச் சுவரில் பார்ப்போமே. ஊஞ்சலில் ஒரு பெண் இருப்பாள், படம் முழுக்கச் செம்பருத்தி நிறமாகிக் கிடக்கும். அந்தக் காலத்துக் கலர்ப் பிலிமில் நீலமும் பச்சையும் முதலில் மங்கி, சிவப்பு மட்டும் மிஞ்சுமாம். போன மாதம் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சொன்னார், அவரும் ஒரு காலத்தில் ஆப்பரேட்டர். டின் கதையைச் சொன்னேன். உடனே கேட்டார்: "வினாகிரி மணக்கிறதா?"

மணக்கும். மூடியைத் திறந்தாலே மணக்கும். பிலிம் உளுத்துப் போகும்போது அதிலிருந்து வரும் அமிலம்தான் அந்த மணமாம். வெக்கையும் ஈரமும் இருந்தால் கெதியாகும், நம் கடற்காற்றைக் கேட்க வேண்டுமா? ஒரு துண்டின் ஆவி மற்றத் துண்டையும் பிடிக்கும். அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: டின் மூடியை இறுக்க வேண்டாம், காற்றுப் போக விடுங்கள். மணக்காத துண்டுகளை எடுத்து வேறாகக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். அலுமாரிக்கு மேலே ஓட்டுச் சூடு, கீழ்த் தட்டில் வையுங்கள். ஊஞ்சல் பெண்ணை மட்டும் தம்பியிடம் கொடுத்து, வெள்ளைக் காகிதத்துக்கு எதிரே பிடித்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் படம் என்று கண்டுபிடிக்காமல் விட மாட்டேன். உங்களுக்கு ஞாபகம் வந்தால் முந்திச் சொல்லிவிடுங்கள்.

'2001' டிக்கட்டின் பாதியை இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் அன்புப் பெறாமகள்

பி.கு: பெரியம்மாவிடம் சொல்லுங்கள், முப்பது வருஷமாக அந்த அறையில் மணந்தது அச்சாறு இல்லை. நீங்கள் ஒளித்துத் தின்னவும் இல்லை.