காய்ச்சல் விட்டதா?

அன்புள்ள பெரிய தம்பிக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

காய்ச்சல் விட்டதா? சனிக்கிழமை இரவு போன் செய்தபோது உன் அறைப் பையன்தான் எடுத்தான். "அவனுக்குக் காய்ச்சல் அம்மா, தூங்குகிறான்" என்றான். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். வேளைக்குச் சாப்பிடு.

குறுவை அறுத்தாயிற்று. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல்லை எடுக்கவில்லை. அப்பா தார்ப்பாயோடு கொள்முதல் நிலைய வாசலிலேயே காவல். சின்னவன் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டான்.

அவன் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு, விடலைப் பிள்ளைகள் குடிப்பதைப் பற்றி ஒரு டாக்டர் அம்மா பேசினார். சின்னவனை நினைத்துத்தான் போனேன். துணிச்சல்காரனும் யோசிக்காமல் பாய்கிறவனும் மட்டுமில்லையாம். எதற்கெடுத்தாலும் படபடக்கிற பிள்ளையும், மனம் விட்டுப்போகிற பிள்ளையும்கூட, பயத்தையும் துக்கத்தையும் அமுக்க அதைத் தொடுமாம். கனடாவில் ஒருவர் இந்த நான்கு சுபாவத்தையும் பிரித்து, அதற்குத் தக்கபடி பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தாராம். பட்ரீசியா கான்ராட் என்று பால் கணக்குச் சீட்டின் பின்னால் எழுதிக்கூட வைத்தேன். அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. பரீட்சைக்கு முதல் நாள் வாந்தி எடுப்பாயே, அந்த ஞாபகம்தான்.

உன்னைச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நீ வாங்கிய மார்க்கை இந்தத் தெருவில் யார் வாங்கினார்கள்? ஆனால் மூன்று வாரமாக ஒரு போன் போட முடியாதபடி அப்படி என்ன படிப்பு? 21 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். உனக்கு 18. எதற்குச் சொல்கிறேன் என்றால், சும்மாதான். வேளைக்குச் சாப்பிடு.

தம்பி, அந்தக் காய்ச்சலை உனக்குக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். அப்பா எழுந்திருக்க முடியாத காலைகளில் யாராவது தேடி வந்தால், "அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்" என்று உன்னைத்தானே வாசலுக்கு அனுப்பினேன். சின்னவன் உளறிவிடுவான். உனக்கு ஒன்பது வயது. கதவைப் பிடித்த கை நடுங்கும், வாய் மட்டும் பிசிறில்லாமல் சொல்லும். சமர்த்து என்று தலையைத் தடவினேன். அந்தக் கையை நான் பார்க்கவேயில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன்.

ஐப்பசிக் கடைசியில் மாயவரத்தில் கடைமுழுக்கு. லீவு கிடைக்காவிட்டால் மறுநாள் முடவன் முழுக்குக்காவது வந்துவிடு. நான் எதுவும் கேட்கமாட்டேன். அப்பாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உனக்குக் காய்ச்சல் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.

அம்மா