அம்மாவுக்கு 27ஆவது வரிசை

டேய் பாஸ்கரா,

நல்லா இருக்கியா, ப்ரியா, பசங்க எல்லாம் சௌக்கியமா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் பனிக்கு கொஞ்சம் கூடியிருக்கு. நம்ம ஃப்ரெண்ட் சம்பத் போன வாரம் வந்துட்டு போனான். உன் பொங்கல் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், ஏழு நிமிஷம்டா, நீ சொன்னதுல எனக்கு காதுல நின்னது ஒண்ணே ஒண்ணுதான், மே மாசம் உங்க அப்பாவும் அம்மாவும் டல்லாஸ் வர்றாங்கன்றது. அதுக்குத்தான் இந்த லெட்டர். போன்ல சொன்னா நீ பாதியில குறுக்க பேசுவ, இத முழுசா படி.

தம்பி நொய்டால வீடு வாங்குனது உனக்கு தெரியும்ல, தை மாசம் பால் காய்ச்சினான். அம்மாவ நான் கூட்டிட்டு போனேன், ஃப்ளைட்டுல. 74 வயசுல முதல் தடவை. இதுக்கு முன்னாடி டெல்லின்னா அம்மாவுக்கு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்தான், புளியோதரை தூக்குவாளி, கீழ் பெர்த், அவ்வளவுதான். இந்த தடவை முட்டி தாங்காதுன்னு ஃப்ளைட் போட்டோம். ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட், ஒரே பிஎன்ஆர். வெப் செக்-இன் திறந்தா மொத்த படமும் கலர் கலரா விலை போட்டு கிடக்குது, முன்னாடி சீட்டு ஒரு விலை, ஜன்னல் ஒரு விலை, எக்ஸிட் பக்கத்துல கால் நீட்டுறது ஒரு விலை. சும்மா கிடைக்கிறது அங்கங்க ஒத்தை ஒத்தையா கிடக்குற நடு சீட்டு மட்டும்தான். காசு கொடுக்காதவங்களுக்கு கம்ப்யூட்டரே ஒதுக்கும்னு போட்டிருந்தான், ஒதுக்குச்சு. எனக்கு 6ஆவது வரிசை நடு சீட்டு, அம்மாவுக்கு 27ஆவது வரிசை நடு சீட்டு. கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், ஏன்னா எந்த கம்பெனிய எடுத்தாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

கவுண்டர்ல கேட்டேன், ஃபுல் ஃப்ளைட் சார், உள்ள போய் க்ரூ கிட்ட கேளுங்கன்னாங்க. அம்மாவுக்கு வீல் சேர் சொல்லியிருந்தேன், அந்த பையன் தங்கமான பையன், செக்யூரிட்டி எல்லாம் தாண்டி விமான வாசல் வரைக்கும் பத்திரமா கொண்டு விட்டான். ஆனா வீல் சேர் வாசலோட சரி, உள்ள யார் பக்கத்துல உக்கார்றதுன்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, இத நல்லா மனசுல வச்சுக்க.

27ல இந்தப் பக்கம் ஒரு பையன், அந்தப் பக்கம் ஒருத்தர். அந்த பையன்கிட்ட என் சீட்ட எடுத்துக்கங்க, முன்னாடி இருக்கு, சீக்கிரம் இறங்கலாம்னு கேட்டேன். அவன் மரியாதையாத்தான் சொன்னான், அண்ணா நான் இந்த ஓர சீட்டுக்கு காசு கட்டியிருக்கேன், உங்களது நடு சீட்டுல்ல. அதுல தப்பே இல்லடா, அவன் ஏன் கொடுக்கணும்? என்னோட கோவம் அவன்மேல இல்ல. அவன் நானூறோ ஐநூறோ கட்டி வாங்குன சாமான், நான் போய் ஓசில கேக்குற ஆள் மாதிரி அங்க நிக்கிறேன், பின்னாடி இருபது பேர் பையோட நிக்கிறாங்க, க்ரூ பொண்ணு சார் ப்ளீஸ் வழி விடுங்கன்றா. ரெண்டு பயணிகள இப்படி எதிரெதிர நிக்க வச்சது யாரு? கம்ப்யூட்டர் நினைச்சிருந்தா டிக்கெட் போட்ட அன்னிக்கே ரெண்டு பேர பக்கத்து பக்கத்துல போட்டிருக்கலாம், அதுக்கு ஒரு பைசா செலவு இல்ல.

பெல்ட்ட மாட்டிவிட்டுட்டு முன்னாடி வந்துட்டேன். ரெண்டே முக்கால் மணி நேரம். அம்மாவுக்கு இடது காது சுத்தமா கேக்காது, உனக்கு தெரியும். பாத்ரூம் போகணும்னா அந்த பையன எழுப்பணுமேன்னு தண்ணியே குடிக்கல. நடுவுல ஒரு தடவை நான் பின்னாடி நடந்து போனேன், ட்ராலி குறுக்க நிக்குது, தாண்ட முடியல, தலைய தூக்கி பாத்தா அம்மா கண்ணு நேரா என்னத்தான் பாத்துட்டு இருந்துச்சு. இறங்கும்போது எல்லாரும் எந்திரிச்சாச்சு, அந்த கூட்டத்துல எதிர்த்து பின்னாடி போகவே முடியாது, கடைசி ஆள் வர்ற வரைக்கும் காத்திருந்தேன். அம்மா வந்து கேட்ட முதல் கேள்வி, "ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்டுதானேடா எடுத்த?"

அதுக்கப்புறம் நான் தூங்கலடா. கண்டதையும் தேடி தேடி படிச்சேன்.

நம்ம ஊர்ல விமான கம்பெனிங்கள கண்காணிக்கிற டிஜிசிஏ 2024 ஏப்ரல்ல ஒரு உத்தரவு போட்டுச்சு, 12 வயசு வரைக்கும் இருக்குற பிள்ளைங்களுக்கு அதே பிஎன்ஆர்ல வர்ற அப்பா அம்மால ஒருத்தர் பக்கத்துலயாவது சீட் கொடுக்கணும், அத ரெக்கார்டும் பண்ணி வைக்கணும்னு. நல்ல உத்தரவு, கைதட்டணும். ஆனா சீட்ட தனியா விலை வச்சு விக்கலாம்னு அனுமதி கொடுக்குறதும் அதே டிஜிசிஏ சுற்றறிக்கைதான், சாப்பாடு, பெட்டி, சீட்டு எல்லாத்தையும் டிக்கெட்லருந்து பிரிச்சு விக்கலாம், வேணும்னா வாங்கிக்க. அமெரிக்காவுல 2024 ஆகஸ்ட்ல போக்குவரத்து துறை முன்வச்ச விதி பாத்தா அங்கயும் 13 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்குத்தான். இந்த ரெண்டுமே பிள்ளைங்களோட நின்னுடுது, 74 வயசு ஆளுக்குன்னு அதுல ஒரு வரி கூட இல்ல.

ஆனா ரயில்வேய பாரு. நம்ம எவ்வளவு திட்டுவோம். டிக்கெட் போடும்போது வயசு கேக்குறான்ல, அது சும்மா இல்ல. 60 தாண்டின ஆம்பளைக்கும் 45 தாண்டின பொம்பளைக்கும் நீ கேக்காட்டியும் கீழ் பெர்த் இருந்தா சிஸ்டம் தானா கொடுக்கும். ஸ்லீப்பர் பெட்டி ஒவ்வொண்ணுலயும் ஆறேழு கீழ் பெர்த் அதுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கான். அதுக்கு தனியா காசு கிடையாது. அம்மா இத்தனை வருஷம் கீழ் பெர்த்துல படுத்துட்டு போனது இந்த கணக்குலதான். நூத்து எண்பது பேர் ஏறுற ஒரு விமானத்துக்கு இத எழுத முடியாதா? நீயும் நானும் படிச்ச படிப்புக்கு ஒரு சாயங்காலத்துல எழுதிடலாம்டா.

தற்செயலாத்தான் ஒதுக்குறோம்னு கம்பெனிங்க சொல்றாங்கல்ல, உனக்கு பிடிச்ச கணக்கு ஒண்ணு சொல்றேன். 2017ல பிபிசியோட வாட்ச்டாக் நிகழ்ச்சி, அயர்லாந்து கம்பெனி ரயனேரோட நாலு விமானத்துல, நாலு நாலு பேரா, சீட்டுக்கு தனியா காசு கட்டாம அனுப்பி பாத்துச்சு. அத்தனை பேருக்கும் நடு சீட்டு. ஆக்ஸ்போர்டு புள்ளியியல் ஆள் ஒருத்தர் கணக்கு போட்டு சொன்னாங்க, இது சும்மா தற்செயலா நடக்க 54 கோடியில ஒரு வாய்ப்பு. கம்பெனி கடைசி வரைக்கும் தற்செயல்னுதான் சொல்லுச்சு. காசு கட்டுறவங்க ஜன்னலையும் ஓரத்தையும் முதல்ல எடுத்துடுறாங்க, மிச்சம் நடுதான்னு ஒரு விளக்கம் இருக்கு, அது கொஞ்சம் நியாயம்தான். சரி, மிச்சம் இருக்குறதுல கூட ரெண்டு பேர 6லயும் 27லயும் போடணும்னு என்ன அவசியம்?

இன்னொண்ணு படிச்சேன், இது உனக்காகவே எழுதுன மாதிரி இருக்கும். ஜேசன் ஸ்டெஃபன்னு ஒரு வானியற்பியல் ஆள், விமானத்துல ஏத்துற வரிசைய கம்ப்யூட்டர்ல ஓட்டி 2008ல ஆராய்ச்சி பேப்பர் போட்டிருக்கார். அப்புறம் 72 பேர வச்சு மாதிரி விமானத்துக்குள்ள நிஜமாவே ஏத்தி இறக்கி பாத்தாங்க. பின்னாடி வரிசைலருந்து ஏத்துனா சீக்கிரம் முடியும்னு நம்மெல்லாம் நினைக்கிறோம்ல, அப்படி ஏத்துனது ஆறு நிமிஷத்துக்கு மேல ஆச்சு, எப்படி வேணா ஏறிக்கங்கன்னு விட்டதே அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுது. காரணம் ரொம்ப எளிசு, நடைபாதைல ஒருத்தன் பெட்டிய மேல ஏத்துறான்னா அந்த இடத்த அவன் அடைச்சுக்கிறான், எல்லாரும் ஒரே மூலைக்கு போனா ஒருத்தன் ஏத்துறப்ப மத்தவங்க சும்மா நிக்கணும். அவரோட முறை ஜன்னல் சீட்டு ஆளுங்கள ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையா பின்னாடிலருந்து ஏத்துறது, அப்ப பல பேர் ஒரே நேரத்துல பெட்டி வைக்கலாம், மூணரை நிமிஷம் சொச்சத்துல முடிஞ்சுது. ஆனா நிஜ விமானத்துல அத பண்ண முடியாது, அம்மாவையும் பிள்ளையையும் பிரிச்சு வரிசைல நிக்க வைக்கணுமே.

இங்கதான்டா விஷயம். அமெரிக்காவோட யுனைடெட் விமான கம்பெனி 2023 அக்டோபர்ல முதல்ல ஜன்னல், அப்புறம் நடு, அப்புறம் ஓரம்னு ஏத்துற முறைய திரும்ப கொண்டு வந்தாங்க. ஆனா ஒரே புக்கிங்ல வர்றவங்க ஒண்ணா ஏறலாம்னு அதுல விதிவிலக்கு வச்சிருக்காங்க. அப்ப ஒரே டிக்கெட்ல வர்ற ஆளுங்க சேர்ந்தவங்கன்னு கம்பெனிக்கு நல்லாவே தெரியுது. ஏறும்போது தெரியுற விஷயம் சீட் ஒதுக்கும்போது மறந்து போயிடுமா?

உன் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் கதையும் முடிஞ்சு போச்சாமே. சரியா 24 மணி நேரம் முன்னாடி மொபைல கையில வச்சுக்கிட்டு உக்காந்து, முதல்ல ஏறுற ஏ க்ரூப் வாங்குனேன்னு எத்தனை தடவை அளந்திருப்ப! 1971லருந்து சீட் நம்பரே இல்லாம ஓட்டுன கம்பெனி, 2026 ஜனவரி 27ஆம் தேதியோட நம்பர் போட ஆரம்பிச்சுட்டான். அவங்க பயணிகள்ல 80 சதவீதம் பேர் நம்பர் சீட்டுதான் கேட்டாங்களாம், இருக்கலாம். அந்த முறைல ஓடி சீட் பிடிக்கிற சண்டை இருந்துச்சு, ஒத்துக்கறேன், ஆனா முதல்ல உள்ள போன மகன் பக்கத்து சீட்டுல கைய வச்சு அம்மாவுக்குன்னு சொல்லலாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நீ ஜன்னல் வழியா ஏறி துண்டு போட்டு சம்பத்தோட ஆயாவ உக்கார வச்சியே, அது மாதிரி. இப்ப அங்கயும் கம்மி விலை டிக்கெட்டுக்கு செக்-இன்ல அவங்க கொடுக்குற சீட்டுதான்.

திரும்பி வர்றதுக்கு நானும் தம்பியும் காசு கட்டியே அம்மாவுக்கும் எனக்கும் ரெண்டு சீட்டு சேர்த்து வாங்கினோம். அம்மா ஜன்னல்ல உக்காந்து கீழ தெரியுறது எந்த ஊரு எந்த ஊருன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க, நான் வாய்க்கு வந்த ஊரெல்லாம் சொன்னேன். காசு கட்ட எனக்கு முடிஞ்சுது. டிக்கெட்டுக்கே கடன் வாங்கி அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போற ஆள் என்ன பண்ணுவான்னுதான் உறுத்துது. அந்த 12 வயசு உத்தரவுல 70 வயசுக்கு மேலன்னு ஒரு வரி சேத்தா போதும். டிஜிசிஏவுக்கு எழுதிட்டு இருக்கேன், இங்கிலீஷ நீ ஒரு தடவை பாத்து கொடு, உன் இங்கிலீஷ்ல சம்பத் வாத்தியாரே தப்பு கண்டுபிடிக்கல.

இப்ப உன் வேலைக்கு வா. அப்பா அம்மா ரெண்டு பேரையும் ஒரே பிஎன்ஆர்ல போடு. நடுவுல மாறுற ஃப்ளைட் ஒவ்வொண்ணுக்கும் சீட் தனித்தனியா எடுக்கணும், முதல் ஃப்ளைட்டுக்கு எடுத்துட்டா எல்லாத்துக்கும் ஆச்சுன்னு விட்டுடாத. வீல் சேர் ரெண்டு பேருக்கும் சொல்லு, அப்பா எனக்கு வேணாம்னு அடம் பிடிப்பார், அவர்கிட்ட அம்மாவுக்கு துணைக்குன்னு சொல்லு. விமானம் மாத்துனாங்கன்னா சீட்டும் மாறும், கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாரு. எக்ஸிட் வரிசை எடுக்காத, வயசானவங்கள அங்க உக்கார விட மாட்டாங்க.

அம்மா உன்ன கேட்டாங்க, அந்த பையன் இன்னும் முட்டைய தொட மாட்டானான்னு. பிஎன்ஆர் வந்ததும் எனக்கு அனுப்பு, இங்க ஏர்போர்ட்டுக்கு நான் கொண்டு விடுறேன், அப்பா ஆட்டோல போறேன்னு சொன்னா நம்பாத.

உன்,
ரவி