ஒப்பாரிக்கு எதற்கு எஃப்.எம். மெருகு? குரல் பதிவுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குரல் பதிவுக் குழுவினருக்கு,

வணக்கம். தை மாதம் பதிவான ஒப்பாரியை வானொலி மென்பொருளில் ஓட்டி வெளியிட்டதைப் பற்றி நான் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் "பதிவு நன்றாகத்தானே கேட்கிறது, ஐயா" என்று ஒரே வரியில் பதில் தந்திருந்தீர்கள். நன்றாகக் கேட்கிறது என்பதுதான் என் புகார். அதை விளங்கும்படி எழுத எனக்குத் தெரியவில்லை போலும். ஆகவே சங்க உறுப்பினர் அனைவரும் படிக்கும்படி இம்முறை வெளிப்படையாகவே எழுதுகிறேன். வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதிவான குரலைப் பதிவானபடியே வைத்துக்கொள்ளுங்கள். வானொலி மென்பொருளில் ஓட்டி எடுத்த பிரதியை அதன் பக்கத்தில் வையுங்கள்; அதன் இடத்தில் வைக்காதீர்கள்.

இந்தப் பணி எதற்காகத் தொடங்கப்பட்டது என்பது தாங்கள் அறிந்ததே. 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு பெங்களூருக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்களில், தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த கடைசித் தலைமுறையின் குரலைப் பிடித்துவைப்பதுதான் நோக்கம். அதே ஆண்டு ஜூலையில், நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் இதே பெங்களூரில் ஒலிக்கத் தொடங்கியது. அந்த இரண்டு செய்திகளும் இத்தனை ஆண்டு கழித்து நம் சங்கத்துக் கணினிக்குள் வந்து மோதிக்கொள்ளும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

தை மாதம் பதிவான ஒப்பாரியைப் பற்றித்தான் பேசுகிறேன். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் வாழ்ந்து, இப்போது ராமமூர்த்தி நகரில் மகன் வீட்டில் இருக்கும் அந்த அம்மாவை நான்தான் அழைத்துவந்தேன். "சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வைக்கக் கூடாது தம்பி, குடும்பத்துக்கு ஆகாது" என்று மூன்று மாதம் மறுத்தவர் அவர். கடைசியில், யார் வீட்டிலும் வேண்டாம், ஒரே ஒரு தடவைதான், மறுபடி கேட்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு இசைந்தார். சங்கத்து மாடி அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னல்களைச் சாத்திவிட்டு, பாயில் உட்கார்ந்து, சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டு இறந்துபோன கணவருக்காக அன்று வைத்த ஒப்பாரியை இருபத்திரண்டு நிமிடம் மீண்டும் வைத்தார். ஒவ்வொரு வரியும் உச்சத்தில் எழும், படிப்படியாக இறங்கும், கடைசிச் சொல் முனகலாகக் கரைந்து, ஒரு கேவலில் அறுந்து நிற்கும். பிறகு மௌனம். அந்த மௌனத்தில் அறையிலிருந்த எங்களில் ஒருவரும் அசையவில்லை. எழுச்சிக்கும் முனகலுக்கும் இடையில் ஒலியளவில் முப்பது டெசிபலாவது வேறுபாடு இருந்ததை நான் பதிவுக் கருவியின் மீட்டரில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாங்கள் வெளியிட்ட பதிவை மகனுடைய கைப்பேசியில் கேட்டுவிட்டு அந்த அம்மா முதலில் கேட்டது, "யாருப்பா என் பக்கத்துல உக்காந்து மூச்சு விடுறது?" என்பது. வேறு யாரும் இல்லை, அவருடைய மூச்சுதான். வரி முடிந்து குரல் அடங்கும்போதெல்லாம் மென்பொருள் ஒலியைத் தூக்கிவிட்டிருக்கிறது. மூச்சு பெரிதாகிறது, அதற்குப் பின்னால், சாத்திய சன்னலுக்கு வெளியே எங்கோ போன ஸ்கூட்டர் மாடியேறி வருகிறது, அடுத்த வரி எழுந்ததும் எல்லாம் சட்டென்று அமுங்குகின்றன. இருபத்திரண்டு நிமிடமும் இப்படியே. சிறிது நேரம் கழித்து அவர் இன்னொன்றும் சொன்னார்: "நான் அழுதேன் தம்பி. இதுல யாரோ அதட்டுற மாதிரி இல்ல இருக்கு?" முனகலை எழுச்சிக்குச் சமமாக உயர்த்தினால் அழுகை அதட்டலாகத்தான் கேட்கும் என்பதை, டெசிபல் என்ற சொல்லையே அறியாத அந்த அம்மா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நான் அதற்கு இரண்டு மின்னஞ்சல் எழுதினேன்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். அலைவடிவம் தேங்காய் நார்க் கயிறு போல முதலிலிருந்து கடைசிவரை ஒரே பருமன். 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரித்துவிட்டதுபோல ஒன்றுமே இல்லை. இந்த இரண்டையும் பார்த்தாலே, எஃப்.எம். நிலையத்துக்கென்று மென்பொருளில் முன்பே அமைத்துவைத்த பிரீசெட்டை ஒரு சொடுக்கில் தேர்ந்தெடுத்து முழுப் பதிவையும் அதனுள் ஓட்டியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். மென்பொருளின் பெயரை நான் எழுதப்போவதில்லை, குற்றம் அதனுடையதன்று. 1975-இல் ஒலிபரப்புக்கு முன் ஒலியைச் சீராக்கும் ஓர்பன் நிறுவனத்தின் ஆப்டிமோட் கருவி வந்த காலத்திலிருந்து இவ்வகைச் செயலாக்கத்துக்கு ஒரு நியாயமான வேலை இருக்கிறது. எஃப்.எம். அலைபரப்பில் அலைவெண் விலக்கம், அதாவது ஒலிக்கேற்ப அலைவெண் தன் இடத்திலிருந்து நகரும் அளவு, 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. அந்த வரம்புக்குள் நின்றுகொண்டே, சில்க் போர்டு சந்திப்பில் ஹாரன்களுக்கு நடுவே சிக்கிய காருக்குள்ளும் பேச்சும் பாட்டும் விளம்பரமும் ஒரே அளவில் கேட்க வேண்டும். அதற்காகத்தான் தாழ்ந்ததைத் தூக்கும் தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடான ஏ.ஜி.சி., குரலைப் பல பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அமுக்கும் கம்ப்ரஸர், முகடுகளை வெட்டும் கிளிப்பர் என்று ஒரு வரிசையே அதற்குள் இருக்கிறது. ஸ்டீரியோவுக்கான 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சைகையோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் 15-க்கு மேல் வெட்டுகிறார்கள். காருக்கு இவை எல்லாம் தேவை. ஒப்பாரிக்கு இவற்றில் எது தேவை என்பதை மட்டும் தயவுசெய்து எனக்கு விளக்குங்கள்.

இன்னொரு பிழையும் இருக்கிறது. "சாமி", "சீமை" என்று அவர் பாடும் இடங்களிலெல்லாம் சகரம் ஊசியாகக் குத்துகிறது. எஃப்.எம். ஒலிபரப்பில் இரைச்சலைக் குறைப்பதற்காக, உயர் அலைவெண்களை முன்கூட்டியே உயர்த்தி அனுப்புவது வழக்கம். நம் நாட்டில் அந்த உயர்வுக்கு 50 மைக்ரோசெகண்ட் என்ற தர அளவு. 15 கிலோஹெர்ட்ஸில் அந்த உயர்வு ஏறத்தாழ 13.7 டெசிபல் வரும். கேட்பவரின் வானொலிப் பெட்டி அதே அளவு குறைத்துக்கொள்ளும், கணக்கு சரியாகிவிடும். நம் பதிவைக் கேட்பவர் கையிலோ வானொலிப் பெட்டி இல்லை, கைப்பேசி இருக்கிறது. உயர்த்தியதை யார் குறைப்பது? அந்த ஒரு தேர்வை நீக்கிவிட்டு ஓட்டியிருந்தாலாவது பாதிக் கொடுமை தப்பியிருக்கும்.

நான் செயலாக்கத்துக்கே எதிரி என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இல்லை. அறிவிப்புக் குரலுக்கும் வாசிப்புக்கும் நானே இந்த மென்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஏ.ஜி.சி.யில் 'கேட்' (gate) என்ற தடுப்பைச் சரியான அளவில் வைத்து, மௌனத்தில் அது ஒலியைத் தூக்காதபடி பார்த்துக்கொண்டு, கிளிப்பரை அணைத்துவிட்டு, கம்ப்ரஸரைக் கொஞ்சமாகத் தொட்டால், வீட்டில் பதிவான சாதாரணக் குரலுக்கும் ஓர் உடம்பு வரும். ஒலிபரப்புக்கான பிரதியை அப்படிச் செய்துகொள்ளுங்கள். வேண்டுமானால் உட்கார்ந்து செய்துதருகிறேன். ஆனால் வெட்டிய முகட்டை அப்படியே திரும்ப ஒட்டவைக்க எந்த மென்பொருளாலும் முடியாது. மீட்பதாகச் சொல்லும் கருவிகளும் ஊகித்துத்தான் நிரப்புகின்றன. அந்த அம்மாவின் கேவலை ஒரு கணினி ஊகிக்க வேண்டுமா?

மூலக் கோப்பு எங்கே என்று கேட்டதற்கு, "இடம் போதவில்லை, அழித்துவிட்டோம்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் ஆகும். அந்த ஒப்பாரிக்கு 200 மெகாபைட்கூட ஆகாது. எஸ்.பி. சாலையில் எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒரு பென்டிரைவில் இதுவரை நாம் செய்த பதிவுகள் அனைத்தும் அடங்கிவிடும். ஆண்டு விழாவில் தலைவர் ஆற்றிய நாற்பது நிமிட வரவேற்புரை மட்டும், ஒலிபெருக்கி ஊளையிட்ட இடங்கள் உட்பட, மூன்று பிரதிகளாக இன்றும் பத்திரமாக இருக்கிறது என்று அறிகிறேன். அதற்கு இடம் போதியிருக்கிறது. நம் கூட்டங்களுக்கு ஒலி என்றால் உரக்க இருப்பது என்ற ஒரே பொருள்தான் போலிருக்கிறது. மேடைக்கு இருபுறமும் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, மூன்றாவது வரிசையில் குழந்தை அழுதாலும் "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்று கையைத் தூக்குகிறவர்கள் நாம். எல்லாரும் எல்லா நேரமும் ஒரே உரப்பில் பேசிக்கொண்டிருக்கும் ஊரில், முனகத் தெரிந்தவர்களைத் தேடிப்போய்ப் பதிவுசெய்துவிட்டு, அவர்களையும் உரக்கப் பேசவைத்துவிட்டோம்.

மன்னிக்க வேண்டும். வரவேற்புரையைப் பற்றிப் பேசுவது இம்மடலின் நோக்கமன்று. தாங்கள் ஊதியமின்றி, ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டு இப்பணியைச் செய்வதை நான் அறிவேன். அதனால்தான் இதைத் தங்களிடமே கேட்கிறேன். ஒலி, ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் (IASA) வகுத்துள்ள நெறிகளும் இதையேதான் சொல்கின்றன: பாதுகாப்புப் பிரதியில் மெருகூட்டல் கூடாது, மெருகு வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பிரதி. பதிவான குரலைப் பதிவானபடியே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் மூன்றாவது முறையாகக் கேட்பதும் அதுவே. இனி வரும் பதிவுகளுக்கு இதை ஒரு விதியாகவே எழுதிவைத்து, அடுத்த கூட்டத்தில் நிறைவேற்றும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

தை மாதப் பதிவைப் பொறுத்தவரை, ஒரு வழி மீதமிருக்கலாம். கணினியில் அழித்திருந்தாலும், அன்று பதிவுக் கருவியில் இருந்த மெமரி கார்டு அலுவலக இழுப்பறையில் கிடப்பதாகத் தெரிகிறது. கார்டை ஃபார்மட் செய்திருந்தாலும், அதன்மேல் வேறு பதிவு ஏறாதவரை பழைய கோப்பை மீட்டெடுக்க வாய்ப்பு உண்டு. சித்திரை விழாவுக்கு அதை யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கருவியிலும் செருக வேண்டாம், என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவும் வேண்டாம். அந்த அம்மாவிடம் மறுபடி பாடச் சொல்லிக் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வருகிறேன். கார்டை ஓர் உறையில் போட்டு மேசைமேல் எடுத்துவைத்தால் போதும்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு